ரீஸ்டார்ட் செய்யாத ஒரு மதியம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்கள் கையில் யாரும் புத்தம்புதிய சிஸ்டத்தைக் கொடுத்துவிட மாட்டார்கள். மூலையில் இரைந்துகொண்டிருக்கும் ஒரு பெட்டியைக் காட்டி, "இதை எழுதினவங்க இப்ப எங்க இருக்காங்களோ தெரியாது. ஆனா ஓடிட்டிருக்கு, கை வச்சுராதீங்க" என்பார்கள். உங்கள் வேலை அங்கேதான் ஆரம்பிக்கும். வளைகுடாவில் நான் பார்த்த வேலையெல்லாம் ஏறக்குறைய அந்த ரகம்தான்.

கட்டளைகளை நான் சொல்லித் தரப் போவதில்லை. தேடினால் கிடைத்துவிடும். பத்துப் பேர் முதுகுக்குப் பின்னால் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்லும்போது எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும் எங்கே தேடினாலும் கிடைக்காது. அதற்காகத்தான் இந்த ஒரு மதியத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

ஷார்ஜாவில் ஒரு குளிர்நீர் ஆலையில் நான் சிஸ்டம் இன்ஜினியர். வீடும் அதே ஊரில், ரோலாவில். ஊரிலிருந்து யாராவது வந்தால், "தண்ணியைக் குளிர வைக்கிறதுக்கு ஒரு ஃபேக்டரியா?" என்று சிரிப்பார்கள். அந்த வட்டாரத்தில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியாக ஏசி இயந்திரம் கிடையாது. எங்கள் ஆலையில் தண்ணீரைக் குளிர வைத்து, தரைக்கடியில் குழாய் வழியாக அனுப்புவோம். அந்தத் தண்ணீர்தான் கட்டடங்களுக்குள் சுற்றி அறைகளைக் குளிர்விக்கும். அடுக்குமாடி வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு பிரசவ ஆஸ்பத்திரி எல்லாம் எங்கள் குழாயை நம்பித்தான் இருந்தன. ஜூலை மாதத்தில் அந்தக் குழாயில் வெதுவெதுப்பான தண்ணீர் வந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் ஒரு கோடையைக் கழித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆலையில் ஆறு பெரிய சில்லர்கள், அதாவது தண்ணீரைக் குளிர வைக்கும் இயந்திரங்கள். காலையில் மூன்று ஓடும். வெயில் ஏற ஏற மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். இதைச் செய்தது ஒரு பழைய நிரல். சில்லர் ஒன்று துவங்கும்போது அதற்கென்று ஒரு சிறு நிரல் கிளம்பி அதைக் கவனித்துக்கொள்ளும். இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு காவல்காரன் உட்கார்ந்திருந்தான். நாங்கள் அதை அப்படித்தான் கூப்பிட்டோம். சிறு நிரல் ஒன்று செத்துப்போனால், கவனிப்பாரில்லாத சில்லர் ஓடக் கூடாது என்று அவன் அந்தச் சில்லரை நிறுத்திவிடுவான். நல்ல ஏற்பாடு. ஆனால் அதை எழுதிய கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. திருத்துவதற்கு வேண்டிய மூல நிரல் வரிகள் யாரிடமும் இல்லை.

அது ஓடிய சர்வர் சாகக் கிடந்தது. உதிரி பாகம் எங்கும் கிடைக்கவில்லை. புதிய சர்வர் வாங்கினோம். அதில் பழைய இயங்குதளம் ஏறவே ஏறாது, இயங்குதளத்தின் மையமான கெர்னலும் புதியதாக இருந்தால்தான் ஓடும். ஆக, பழைய நிரலைப் புதிய கெர்னல் மேல் குடியேற்ற வேண்டும். அதற்காக ஒப்பந்தத்தில் வந்தவர் கார்த்திகேயன். கோயம்புத்தூர்க்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும், கை வேகமான ஆள். வந்த அன்றே என்னிடம் சொன்னார்:

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இதைத் தூக்கிக் கடாசிட்டுப் புதுசா வாங்குறதுதானுங்க புத்திசாலித்தனம்."

"புதுசு வந்து சேர இன்னொரு கோடை ஆயிரும் கார்த்தி. இந்தக் கோடையை யார் தாண்ட வைக்கது?"

அவர் சிரித்துக்கொண்டே வேலையைத் துவங்கினார். வெயில் முழுசாக ஏறும் முன்னால் நிரலை மாற்றிவிட்டோம். ஆறு சில்லர்களையும் துவக்கிப் பார்த்தோம், நிறுத்திப் பார்த்தோம், ஓடும்போதே வயரைப் பிடுங்கிப் பார்த்தோம். ஒவ்வொரு சோதனைக்கு முன்னாலும் சர்வரை ஒழுங்காக ரீஸ்டார்ட் செய்தோம். எல்லாவற்றிலும் தேறியது. ஆலையின் மேலாளர் ஹெஸ்ஸா. எமிராத்திப் பெண், அதிர்ந்து பேசாதவர், கேள்வி மட்டும் கூர்மையாக வரும். "எனக்குத் தெரியாமல் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எங்களுக்குத் தெரிந்து இல்லை என்றோம். அது உண்மைதான்.

சில நாள் கழித்து ஒரு பிற்பகலில் புதிதாகத் துவக்கிய ஒரு சில்லர் ஒரு நிமிடத்தில் தானாக நின்றது. திரும்பத் துவக்கினார்கள், திரும்ப நின்றது. அடுத்ததும் அப்படியே. ஷிப்டில் இருந்தவர்கள் சர்வரை ரீஸ்டார்ட் செய்தார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடியது. நாங்கள் போய்ப் பார்த்தபோது குறை என்று காட்ட ஒன்றுமே இல்லை. அந்த வாரக் கடைசியில் இன்னொரு முறை அதே கதை, அதே மருந்து.

மருந்துக்கும் ஒரு விலை இருந்தது. சர்வர் ரீஸ்டார்ட் ஆகும்போது காவல்காரன் இருக்க மாட்டான். அதனால் ஓடிக்கொண்டிருக்கும் சில்லர்களும் சேர்ந்து நிற்கும். எல்லாம் எழுந்து தண்ணீர் மறுபடி குளிர்வதற்குள் வீடுகளிலிருந்து போன் வரத் துவங்கிவிடும்.

மூன்றாவது முறை நடந்தபோது நானும் கார்த்தியும் ஆலையில்தான் இருந்தோம். ஜூலை. வெயிலில் யாரும் வெளிவேலை செய்யக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டிருக்கும் மதிய நேரம், சாலையில் ஓர் ஆள் நடமாட்டம் இல்லை. கண்ட்ரோல் ரூம் திரையில் நான்காவது சில்லர் நின்று விழுந்தது தெரிந்தது. பிறகு ஐந்தாவது, ஆறாவது. காலையிலிருந்து ஓடிய மூன்று மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடின. போகிற தண்ணீரின் வெப்பம் திரையில் மெல்ல மேலே ஏறியது. ஆஸ்பத்திரியின் இன்ஜினியர் போனில் இருந்தார். பச்சைக் குழந்தைகள் இருக்கும் வார்டில் இப்போதே தெரிகிறது என்றார்.

ஷிப்ட் பொறுப்பாளர் யூசுஃப் பாய் பெஷாவர்க்காரர். ரீஸ்டார்ட் செய்யக் கையை நீட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "மேடம், ஜல்தி. ரீஸ்டார்ட் கரூன்? செய்யட்டுமா?"

கார்த்தியும் சொன்னார்: "பண்ணிப் போடலாங்க்கா. அரை மணி நேரம் வேர்க்கும், அப்புறம் சரியாயிரும். சாயங்காலம் உக்காந்து பொறுமையாப் பார்த்துக்கலாம்."

"சாயங்காலம் எதைப் பாக்கப் போறோம்? ரெண்டு தடவை பாத்தாச்சு. ரீஸ்டார்ட் பண்ணின நிமிஷமே அது ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்துக்கிடுது. இப்பத்தான் கையில சிக்கியிருக்கு."

சொல்லிவிட்டேனே தவிர எனக்குப் பயம்தான். ரீஸ்டார்ட் செய்தால் யாரும் என்னைக் குற்றம் சொல்லப் போவதில்லை. செய்யாமல் வார்டில் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். நீங்கள் இந்த இடத்துக்கு ஒரு நாள் வருவீர்கள் என்பதால்தான் இதை நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். தைரியமாக இருங்கள் என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் தைரியத்தால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக்குக் குளிர்ந்த தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும், குறையும் கலையாமல் இருக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி உண்டா என்று தேடினேன்.

"யூசுஃப் பாய், விழுந்த மூணையும் நிரல் இல்லாம, பக்கத்துல இருக்கிற பேனல்லயே ஓட்ட முடியுமா?" என்று இந்தியில் கேட்டேன்.

அவர் யோசித்தார். ஒவ்வொரு சில்லர் முன்னாலும் ஓர் ஆள் நிற்க வேண்டும், அழுத்தமானியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, காதைப் பிளக்கும் சத்தத்தில் அதிக நேரம் தாங்காது என்றார். பிறகு, "ஹாத் ஸே சலாயேங்கே, கையாலேயே ஓட்டுவோம். ஒரு மணி நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி ஹெல்மெட்டை எடுத்தார்.

அதற்குள் ஹெஸ்ஸா வந்துவிட்டார். நான் நிலைமையைச் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும் என்பது நிச்சயம்தானே?"

"நிச்சயம். இன்னும் இரண்டு மூன்று நாளில் திரும்ப விழும் என்பதும் நிச்சயம். அன்றைக்கு இதைவிட வெயில் அதிகமாக இருக்கலாம்."

"எவ்வளவு நேரம் வேண்டும்?"

"யூசுஃப் பாயின் ஆட்களால் எவ்வளவு நேரம் நிற்க முடியுமோ அவ்வளவு நேரம். அவர் போதும் என்றால் நானே ரீஸ்டார்ட் செய்கிறேன்."

அவர் ஆஸ்பத்திரிக்காரரோடு போனில் பேசினார். வார்டின் வெப்பத்தை ஐந்து நிமிடத்துக்கொரு முறை தனக்குச் சொல்லச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "யல்லா, ஆரம்பியுங்கள்" என்றார்.

சில்லர் கூடத்திலிருந்து வாக்கி-டாக்கியில் யூசுஃப் பாயின் குரல் வந்தது. நான்கு, ஐந்து, ஆறு என்று விழுந்த மூன்றும் கையால் ஓடின. தண்ணீரின் வெப்பம் ஏறுவது நின்றது. எங்களுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது.

கார்த்தி சர்வரில் ஓடும் நிரல்களின் பட்டியலைத் திரையில் இறக்கினார். சட்டென்று முன்னால் சாய்ந்தார்.

"அக்கா, இங்க பாருங்க. நாலாவது சில்லரோட நிரல் செத்துப் போச்சுன்னு காவல்காரன் சொல்றான். ஆனா அது செத்துப் போகலைங்க. உசுரோட ஓடிட்டிருக்கு."

பார்த்தேன். ஐந்தாவதும் ஆறாவதும் அப்படித்தான். காவல்காரன் உயிரோடு இருப்பவர்களைச் செத்தவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். ரீஸ்டார்ட் செய்திருந்தால் முதலில் அழிந்திருக்கும் தடயம் அதுதான்.

"அவன் எப்பிடித் தெரிஞ்சுக்கிடுதான்? கெர்னல்கிட்டதானே கேப்பான்? என்ன கேக்கான்னு ஒட்டுக்கேளு."

நிரல் எதுவும் இயந்திரத்தோடு நேராகப் பேசுவதில்லை, எல்லாவற்றையும் கெர்னலிடம்தான் கேட்கிறது. அந்தப் பேச்சை நடுவில் நின்று கேட்பதற்குக் கருவி உண்டு, உங்களுக்கும் தெரியும். கார்த்தி அதைக் காவல்காரனோடு இணைத்துவிட்டு, நான்காவது சில்லரை நிரல் வழியாக ஒரே ஒரு முறை துவக்கினார். புது நிரல் கிளம்பியது. கெர்னல் அதற்குக் கொடுத்த எண் 40121. ஒரு நிமிடம் ஆனது. காவல்காரன் கெர்னலிடம் கேட்டான்: "மைனஸ் 25415 இருக்கிறதா?" கெர்னல் பதில் சொன்னது: "அப்படி யாரும் இல்லை." காவல்காரன் சில்லரை நிறுத்தினான்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கார்த்தி கால்குலேட்டரைக்கூட எடுக்கவில்லை.

"ரெண்டையும் கழிச்சா அறுபத்தஞ்சாயிரத்து ஐந்நூத்து முப்பத்தாறுங்க்கா. எண்ணை வைக்க இவன்கிட்ட இடம் பத்தலை. சின்ன டப்பாவுக்குள்ள போட்டுத் திணிச்சிருக்கான்."

அவ்வளவுதான் விஷயம். ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் கெர்னல் ஓர் எண் கொடுக்கும். அந்தக் காலத்தில் எண் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்தைத் தொட்டதும் மறுபடி கீழே இருந்து வரும். நிரலை எழுதியவர் அதற்கு மேல் எண் போகாது என்று நம்பி அந்த அளவுக்கு இடம் ஒதுக்கியிருந்தார். அன்றைக்கு அவர் செய்தது சரி. புதிய இயங்குதளம் துவங்கும்போதே அந்த எல்லையை லட்சக்கணக்கில் உயர்த்திவிடுகிறது. ரீஸ்டார்ட் ஆனதும் எண்கள் சிறியதாக ஆரம்பிக்கும், எல்லாம் நன்றாக ஓடும். இரண்டு மூன்று நாளில் எண் பழைய எல்லையைத் தாண்டும். அதற்குப் பிறகு துவக்குகிற சில்லர் எதுவும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடாது. முன்பே துவக்கியவை சிறிய எண்ணோடு ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் சோதனைகளில் ஏன் தேறியது என்று இப்போது புரிந்தது. புதிதாகப் பிறந்த சர்வரைத்தான் ஒவ்வொரு முறையும் சோதித்திருந்தோம்.

வாக்கி-டாக்கி கரகரத்தது. "மேடம், ஆறாவது சில்லர்ல நிக்கிற பையனுக்குத் தலை சுத்துதாம். நான் அவன் இடத்துல நிக்கிறேன். இன்னும் எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரம்தான் பாய்."

ஹெஸ்ஸாவிடம் சொன்னேன்: பழைய எல்லையைத் திரும்பக் கொண்டுவர ஒரே வரி போதும். ரீஸ்டார்ட் தேவையில்லை. ஓடும் சர்வரிலேயே செய்யலாம்.

"அதனால் வேறு எது உடையலாம்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. சந்தோஷத்தில் நான் அதை யோசிக்காமலே விட்டிருக்கக்கூடும். யோசித்துச் சொன்னேன். "இப்போது ஓடுபவற்றை அது தொடாது. இனிமேல் கிளம்புபவற்றுக்கு மட்டும் சிறிய எண் கிடைக்கும். இந்த சர்வரில் வேறு பெரிய வேலை எதுவும் இல்லை, அந்த எல்லைக்குள் இடம் தாராளம். நான் நினைப்பது தவறாக இருந்தால், இப்போது இருக்கும் நிலையிலேயேதான் இருப்போம்."

"செய்யுங்கள். முதலில் ஒரு சில்லர் மட்டும்."

கார்த்தி வரியை அடித்தார். ஒரு முறை படித்துப் பார்க்கச் சொன்னேன். படித்துவிட்டு என்டரைத் தட்டினார். அனாதையாக ஓடிக்கொண்டிருந்த நிரல்களை நிறுத்தினோம். யூசுஃப் பாய் நான்காவது சில்லரின் பேனலை மறுபடி நிரலின் கையில் கொடுத்தார். துவக்கினோம்.

புதிய நிரலின் எண் மூன்று இலக்கத்தில் வந்தது. ஒரு நிமிடம் ஆனது. காவல்காரன் அதே எண்ணைக் கேட்டான். கெர்னல், "இருக்கிறது" என்றது. சில்லர் ஓடியது. இன்னொரு நிமிடம் போனது, ஓடியது. "ஓடுதுங்க்கா! விழாம ஓடுதுங்க!" என்று கார்த்தி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். ஐந்தாவதைக் கொடுத்தோம், ஓடியது. ஆறாவதைக் கொடுத்தோம், அதுவும் ஓடியது.

யூசுஃப் பாய் சட்டை முழுக்க நனைந்து உள்ளே வந்தார். திரையில் ஆறு பச்சை விளக்குகளையும் பார்த்தார். "கலாஸ்?" என்றார், முடிந்ததா என்று. "கலாஸ் பாய்" என்றேன்.  கார்த்தியைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து ஓர் அடி தூக்கிவிட்டார். ஹெஸ்ஸா போனை ஸ்பீக்கரில் போட்டார். வார்டு பழைய குளிருக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது என்று ஆஸ்பத்திரி இன்ஜினியர் சொன்னதை எல்லோரும் கேட்டோம். வேலையில் எனக்குப் பாராட்டு வந்ததுண்டு. அந்தக் குரலில் இருந்த நிம்மதிக்கு எதுவும் ஈடாகவில்லை.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை என்பதில்தான் எனக்கு இன்னும் பெருமை. மறுநாள் காலை, வெயில் ஏறும் முன்னால், வேண்டுமென்றே ஆயிரக்கணக்கான குட்டி நிரல்களைக் கிளப்பி எண்ணை மேலே ஏற்றினோம். எல்லைக்குப் பக்கத்தில் வந்ததும் நான்காவது சில்லரைத் துவக்கினோம். எண் எல்லையைத் தொட்டுக் கீழே திரும்பியதும் ஐந்தாவதைத் துவக்கினோம். இரண்டும் ஓடின. பிறகு அந்த வரியை நிலையான அமைப்பில் எழுதிவிட்டு, ஹெஸ்ஸா பக்கத்தில் நிற்க, சர்வரை ரீஸ்டார்ட் செய்தோம். எழுந்ததும் முதலில் எல்லையைத்தான் பார்த்தோம். நாங்கள் சொன்ன இடத்தில் நின்றது. அந்தக் கோடை முழுக்க அந்த நிரல் ஒரு முறைகூட விழவில்லை. அடுத்த கோடையிலும் விழவில்லை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றிரண்டு உண்டு. ரீஸ்டார்ட் தவறு என்று நான் சொல்லவில்லை. என்ன நடக்கிறது என்று தெரியாத முதல் முறை, உயிர் ஊசலாடும் இடத்தில், நானும் செய்வேன். ஆனால் ஒரே குறை திரும்பத் திரும்ப வந்து ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட்டில் மறைகிறது என்றால், மறைவதே ஒரு தகவல்தான். ரீஸ்டார்ட்டில் எது மாறுகிறது என்று கேளுங்கள். சோதிக்கும்போது ரீஸ்டார்ட் செய்யாமல் சில நாள் ஓட விடுங்கள், சர்வருக்கு வயதாகட்டும். பழைய நிரலைத் திட்டுவதற்கு முன்னால், அது எந்த உலகத்தை நம்பி எழுதப்பட்டது என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த உலகத்தைத் திரும்ப ஏற்படுத்திக் கொடுக்க ஒரு வழி இருக்கும். பழைய நிரல்களைக் கைவிடக் கூடாது என்பதில் கெர்னலை எழுதுகிறவர்கள் நம்மைவிடப் பிடிவாதக்காரர்கள்.

கார்த்தி அந்த ஒப்பந்தம் முடிந்து சவுதியில் இருக்கும் அல் கோபாருக்குப் போனார். அங்கே ஒரு தொழிற்சாலையில் பழைய சோதனைக்கூட நிரல் ஒன்றைப் புதிய சர்வருக்கு மாற்றும் வேலை. கொஞ்ச மாதம் கழித்து ஒரு நாள் போன் செய்தார்.

"அக்கா, ஒரு கூத்து கேளுங்க. இங்க இருக்கிற நிரல், எழுந்ததும் கெர்னலோட பதிப்பு எண்ணைத்தானுங்க முதல்ல கேக்குது. ரெண்டுல ஆரம்பிக்கலைன்னா ஓடவே மாட்டேங்குது. மத்தபடி ஒரு குறையும் இல்லை. எல்லாரும் நிரலைத் தூக்கிப் போடச் சொல்லிட்டாங்க."

"ஐயையோ. என்ன செஞ்ச?"

"கெர்னல்லயே ஒரு வசதி இருக்குதுங்க்கா. இந்த ஒரு நிரல் கேட்டா மட்டும் தன்னோட எண் ரெண்டுல ஆரம்பிக்கிற மாதிரி சொல்லும். மத்த எல்லாத்துக்கும் உண்மையான எண்ணு. இதுக்குன்னே வச்சிருக்காங்க."

எனக்கு அது அதுவரை தெரியாது. அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் அவர் அடைந்த சந்தோஷம் போனிலேயே தெரிந்தது. எப்படிக் கண்டுபிடித்தார், எந்த இடத்தில் தடுமாறினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எழுதியும் வைத்துக்கொண்டேன்.

"ஓட விட்டுப் பாத்தியா? வயசாக விட்டு?"

"அதெல்லாம் நல்லா வயசாக விட்டுத்தானுங்க பார்த்தேன். இன்னைக்கு மத்தியானம் மீட்டிங். பழைய சர்வரை எப்ப அணைக்கலாம்னு பெரியவர் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"காலைலயே அணைச்சாச்சு சார், யாருக்கும் தெரியலை பாருங்கன்னு சொன்னேனுங்க்கா."